கச்சேரி வீடியோவை ஏற்றுவதற்கு முன்: அனுமதி, க்ளெய்ம், விளம்பரம்

மார்கழி முடிந்து தை பிறக்கும்போது பல ரசிகர்களின் கைபேசியிலும் சின்ன ரெக்கார்டரிலும் ஒரு சீசனே சேர்ந்துவிடுகிறது. நல்ல கச்சேரியை நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் யூடியூபில் ஏற்றுகிறார்கள். ஏற்றிய சில நிமிடங்களிலேயே காப்புரிமை க்ளெய்ம், அதாவது 'இது எங்களுடையது' என்ற உரிமைக் கோரல், வந்து நிற்கும். அது வராவிட்டால், தோடி ஆலாபனை தார ஸ்தாயியைத் தொடும் இடத்தில் பெயிண்ட் விளம்பரம் குறுக்கே விழும். இரண்டுக்கும் காரணம் உண்டு. பாதிக்கு மேல் முன்கூட்டியே தடுத்துவிடலாம்.

"தியாகராஜர் கிருதிக்கு யார் உரிமை கேட்பது?" என்ற கேள்வியில்தான் குழப்பம் தொடங்குகிறது. பாட்டு வேறு, பாடியது வேறு. சட்டம் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது.

முதலில் பாட்டு. இந்தியாவில் இயற்றியவரின் ஆயுளும், அவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் காப்புரிமைக் காலம். சியாமா சாஸ்திரி மறைந்தது 1827, முத்துசுவாமி தீட்சிதர் 1835, தியாகராஜர் 1847. இவர்கள் பாடல்களில் கேள்வியே இல்லை. முத்தையா பாகவதர் 1945இல் மறைந்தார், அவருடையவையும் பொதுவாகிவிட்டன. மைசூர் வாசுதேவாச்சார் 1961. 2021 முடிவோடு அவர் கிருதிகளும் பொதுச் சொத்து. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். ஆகவே 2033 முடியும்வரை அவர் பாடல்களுக்கு உரிமை இருக்கிறது. லால்குடி ஜெயராமன் தில்லானாக்களுக்கு 2073 முடியும்வரை.

சாகித்யம், அதாவது பாடல் வரிகள், ஒருவருடையதாகவும் மெட்டு இன்னொருவருடையதாகவும் இருக்கும் பாடல்களில்தான் பலர் தவறுகிறார்கள். அன்னமாச்சாரியார் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். ஆனால் இன்று மேடையில் கேட்கும் மெட்டுகளில் பல 20ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டவை. பாரதி பாடல்களின் வரிகள் நாட்டுடைமை. அவற்றுக்குப் பின்னால் வந்தவர்கள் போட்ட மெட்டு அப்படியல்ல. கச்சேரியின் கடைசியில் சின்னச் சின்னப் பாடல்களாக வரும் துக்கடா பகுதியில்தான் இந்தச் சிக்கல் அதிகம் வருகிறது, க்ளெய்ம்களும் அங்கேதான் அதிகம் விழுகின்றன.

அடுத்தது பாடியது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநர் உரிமையைச் சொல்கிறது. கச்சேரி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள். 2010 டிசம்பரில் நடந்த கச்சேரிக்கு 2060 முடியும்வரை. இந்த உரிமை பாடகருக்கு மட்டும் உரியதல்ல. வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா என்று மேடையில் உட்கார்ந்து வாசித்த ஒவ்வொருவருக்கும் உண்டு. அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காகவோ உண்மையான கற்பித்தல், ஆய்வுக்காகவோ பதிவு செய்வதைக் குற்றமாகக் கருதுவதில்லை. ஆக, வீட்டில் கேட்கப் பதிவு செய்தது ஒன்று, உலகத்துக்கே ஏற்றுவது இன்னொன்று. சபா டிக்கெட்டிலோ அறிவிப்பிலோ பதிவு கூடாது என்று சொல்லியிருந்தால், சட்டம் எப்படி இருந்தாலும் அந்த அரங்கின் விதியை மீறியதாகிவிடும். கோயில் கச்சேரி இலவசம்தானே என்பதும் செல்லாது. நுழைவுக் கட்டணம் இல்லை என்றால் உரிமையும் இல்லை என்று ஆகாது.

மெல்லிசைக் கச்சேரி என்றால் நிலைமை இன்னும் இறுக்கம். சினிமாப் பாட்டை மேடையில் பாட ஏற்பாட்டாளர், பாடல் உரிமைகளுக்கு உரிமம் தரும் ஐபிஆர்எஸ் போன்ற அமைப்பிடம் உரிமம் வாங்கியிருப்பார். அது அரங்கத்தில் பாடுவதற்கு. ரசிகர் எடுத்த வீடியோவை இணையத்தில் போடுவதற்கு அந்த உரிமம் உதவாது.

ஆகவே அனுமதி கேட்க வேண்டும். இதைப் பலர் பெரிய மலையாக நினைக்கிறார்கள். பெரும்பாலான வித்வான்கள் வாட்ஸ்அப்பில் பதில் சொல்பவர்கள்தான். கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். "வீடியோ போடலாமா சார்?" என்று மட்டும் கேட்டால் "போடுங்க" என்று பதில் வரும், பிறகு மனஸ்தாபமும் வரும். இப்படி எழுதலாம்:

"நமஸ்காரம் சார். டிசம்பர் 22 மாலை உங்கள் கச்சேரியிலிருந்து காம்போதி ஆலாபனை, கிருதி, தனி ஆவர்த்தனம் மூன்றையும் ரெக்கார்டரில் பதிவு செய்திருக்கிறேன். ஜனவரி 20க்குப் பிறகு என் யூடியூப் சேனலில் ஏற்ற அனுமதி வேண்டும். இதிலிருந்து எனக்கு வருமானம் எதுவும் இல்லை. பக்கவாத்தியக்காரர்கள் எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்கிறேன். ஏற்றுவதற்கு முன் லிங்க் அனுப்புகிறேன். பிறகு எப்போது வேண்டாம் என்று சொன்னாலும் அன்றே எடுத்துவிடுகிறேன்."

எந்த உருப்படி, எங்கே, எப்போது, யார் பணம் பார்ப்பது, எப்படி நீக்குவது, எல்லாம் இதில் இருக்கிறது. பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீடியோ இருக்கும் அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். க்ளெய்முக்கு மறுப்பு எழுதும் நாளில் தேட நேரமிருக்காது.

ஜனவரி 20 என்று தள்ளிப் போடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு பல்லவியை உருவாக்கித் தயார் செய்யப் பல வாரம் ஆகும். அதை அதே சீசனில் இரண்டு மூன்று சபாக்களில் பாடுவார்கள். முதல் கச்சேரி முடிந்த மறுநாள் காலை அது யூடியூபில் வந்துவிட்டால் அடுத்த சபாவில் புதுமை போய்விடும். புதிதாக இயற்றி முதல்முறை பாடியது, தொண்டை கட்டியிருந்த நாள், நடுவில் தந்தி அறுந்த கச்சேரி, இவற்றை அனுமதி கிடைத்தாலும் ஒருமுறை யோசித்து ஏற்றுங்கள். கலைஞரின் பெயருக்கு ஊறு செய்யும் விதத்தில் நிகழ்ச்சியைச் சிதைத்தால் தடுக்க 38ஆ பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. நிகழ்த்தியவராகத் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. கடம் வாசித்தவர் பெயரை விட்டுவிட்டுத் தலைப்பு எழுதுவது மரியாதைக் குறைவு மட்டுமல்ல.

இனி பதிவு. கைபேசி மைக்கின் பெரிய குறை அதன் தானியங்கி ஒலியளவு. மிருதங்கத்தில் பலமான சொல் விழுந்ததும் ஒலியைக் குறைத்துவிடும், அடுத்த அரை நொடி பாடகரின் குரல் உள்ளே போய் மீண்டும் எழும். தனி ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைத்து, ஆட்டோ லெவலை அணைத்து, வர்ணம் பாடும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி வையுங்கள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் இன்னும் ஏறும், அதற்கு இடம் வேண்டும்.

ஒரு கணக்கு. இந்த அளவில் ஸ்டீரியோ பதிவு நொடிக்கு 2,88,000 பைட். பல சின்ன ரெக்கார்டர்கள் 2 ஜிபியில் கோப்பை முடித்து அடுத்ததைத் தொடங்கும். அது ஏறத்தாழ 2 மணி 4 நிமிடத்தில் வரும். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் அது தனி ஆவர்த்தனம் நடக்கும் நேரமாக இருக்க வாய்ப்பு அதிகம். எடிட்டரில் இரண்டு கோப்பையும் இடைவெளி இல்லாமல், கிராஸ்ஃபேடு இல்லாமல் முனையோடு முனை ஒட்டினால் எதுவும் தெரியாது. கிராஸ்ஃபேடு போட்டால் ஒரு கணம் இரண்டு ஒலியும் ஒன்றன்மேல் ஒன்று படியும், அந்த இடத்தில் தாளம் சற்றே தட்டும். காது உள்ளவர்களுக்கு உடனே தெரியும்.

ஏசி இரைச்சலைக் குறைக்க, தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ கட் போடுகிறவர்கள் 40 ஹெர்ட்ஸோடு நிறுத்துங்கள். 100க்கு ஏற்றினால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கும்கி நாதம் மெலிந்துவிடும். ஒலியின் உரப்பை அளக்கும் அலகான எல்யூஎஃப்எஸ்-இல் மைனஸ் 14ஐத் தாண்டினால் யூடியூப் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே கம்ப்ரஸர் போட்டுச் சத்தமாக்குவதால் லாபம் எதுவுமில்லை.

வீடியோவில் எல்இடி விளக்குகள் பட்டை பட்டையாக ஓடினால் ஷட்டரை 1/50 ஆக வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைபேசி வீடியோவின் பிரேம் வேகம் ஒரே சீராக இருக்காது. ஹேண்ட்பிரேக் போன்ற ஒன்றில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகே ஒலியோடு இணையுங்கள். சபாவில் கைதட்டி ஒத்திசைவுக் குறி போட முடியாது. மிருதங்கத்தில் தனியாக விழும் ஒரு 'தீம்' போதும், இரண்டு அலைவடிவங்களிலும் கூர்மையாக நிற்கும். இரு கருவிகளின் கடிகாரமும் ஒன்றல்ல என்பதால் கச்சேரி முடிவில் கால் நொடி, அரை நொடி விலகும். உருப்படி உருப்படியாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியே ஒத்திசைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

உருப்படி உருப்படியாக வெட்டுவதற்கு இன்னொரு பெரிய காரணம் க்ளெய்ம். யூடியூபின் கன்டென்ட் ஐடி, உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் ஒலி, ஒளிக் கோப்புகளோடு ஏறும் ஒவ்வொரு வீடியோவையும் ஒப்பிடும். பொருந்தினால் உரிமையாளர் முன்பே தேர்ந்தெடுத்தபடி மூன்றில் ஒன்று நடக்கும்: வீடியோ தடுக்கப்படும், அதில் விளம்பரம் போட்டு வருமானம் அவருக்குப் போகும், அல்லது பார்வை எண்ணிக்கையை மட்டும் அவர் கவனிப்பார். நான்கு நிமிடத் துக்கடா ஒன்று பொருந்தினாலும் விளம்பரம் வருவது இரண்டரை மணி நேர வீடியோ முழுவதற்கும். அந்தத் துக்கடாவைத் தனி வீடியோவாக ஏற்றினால், அல்லது ஏற்றாமலே விட்டால், கச்சேரியின் பிரதான உருப்படியும் தனி ஆவர்த்தனமும் தப்பிக்கும்.

பதிவு பட்டியலிடப்படாததாகவோ தனிப்பட்டதாகவோ இருந்தாலும் சோதனை நடக்கும். இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். முதலில் தனிப்பட்டதாக ஏற்றி, 'சரிபார்ப்பு' முடியும்வரை காத்திருந்து, க்ளெய்ம் இல்லை என்று தெரிந்த பிறகு வெளியிடுங்கள். 15 நிமிடத்துக்கு மேல் நீளமான வீடியோ ஏற்றக் கணக்கைத் தொலைபேசி எண்ணால் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். 1080பி தரத்தில் 8 எம்பிபிஎஸ் போதும். இரண்டரை மணி நேரத்துக்கு 9 ஜிபி வரும், 10 எம்பிபிஎஸ் ஏற்றுவேகத்தில் இரண்டு மணி நேரம்.

நேரடிக் கச்சேரியில் க்ளெய்ம் ஏன் வருகிறது? கன்டென்ட் ஐடி ஒலிப்பதிவை மட்டும் பொருத்துவதில்லை, மெட்டையும் பொருத்தப் பார்க்கும். அதே பாடகர், அதே கிருதி, அதே சுருதி, அதே சங்கதி வரிசை என்றால் பத்தாண்டுக்கு முன் வெளியான சிடியோடு பொருந்தியதாக அதற்குத் தோன்றலாம். எலெக்ட்ரானிக் தம்புராவின் ஒலியும் ஒரு சந்தேகக் கண்ணி. அதே ஒலி உள்ள வெளியீட்டை யாராவது கன்டென்ட் ஐடியில் கொடுத்து வைத்திருந்தால், பாடல் தொடங்குவதற்கு முன் உள்ள 20 நொடி மீட்டலுக்கே க்ளெய்ம் வரக்கூடும். அந்த 20 நொடியை டிரிம் செய்தாலே அது தீரும்.

க்ளெய்ம் வந்ததும் பதறி மறுப்பை அழுத்தாதீர்கள். விவரப் பக்கத்தில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, யார், ஒலிப்பதிவா மெட்டா என்று இருக்கும். குறிப்பிட்டுள்ள வெளியீட்டைத் தேடி, அந்த இடத்தைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். மேடைக்கு முன்னால் ஒலிபெருக்கியில் சிடி ஓடியதைப் பதிவில் விட்டுவைத்திருந்தால் க்ளெய்ம் சரிதான், அதை வெட்டுங்கள். பாபநாசம் சிவன் பாட்டுக்கு மெட்டுரிமை கேட்டிருந்தால் மறுப்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள். தவறான பொருத்தம்தான் என்று உறுதியானால், கலைஞர் அனுமதியும் கையில் இருந்தால், மறுப்பை இப்படிச் சுருக்கமாக எழுதுங்கள்: "இது இன்ன தேதியில் இன்ன அரங்கில் நடந்த நேரடிக் கச்சேரியின் பதிவு. நீங்கள் குறிப்பிடும் வெளியீட்டின் ஒலிப்பதிவு இதில் இல்லை. கிருதியை இயற்றியவர் தியாகராஜர், மறைவு 1847. மேடையில் இருந்த நால்வரிடமும் எழுத்து மூலம் அனுமதி பெற்றிருக்கிறேன்." எல்லா உரிமையும் எனக்கே என்று எழுதாதீர்கள். அது உண்மையல்ல, பின்னால் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள். பதிலே வராவிட்டால் க்ளெய்ம் விலகும். நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு அவர்களுக்கு 7 நாள். மேல்முறையீட்டையும் ஏற்காமல் நீக்கக் கோரிக்கை அனுப்பினால் அது ஸ்ட்ரைக். க்ளெய்ம் சேனலுக்கு ஊறு செய்யாது, ஸ்ட்ரைக் செய்யும். 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலோடு அதிலுள்ள எல்லா வீடியோவும் போய்விடும். ஸ்ட்ரைக் விழுந்த பிறகு வீடியோவை அழிப்பதால் அது மறையாது. ஆனால் ஏழு நாள் கெடு வைத்து நீக்கக் கோரிக்கை வந்திருந்தால், அந்த ஏழு நாளுக்குள் நீங்களே எடுத்துவிட்டால் ஸ்ட்ரைக் விழாது.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கன்டென்ட் ஐடியை ஏமாற்ற வேகத்தைக் கூட்டுவது, சுருதியை ஏற்றுவது. 3 சதவீதம் வேகம் கூட்டினால் சுருதி ஏறத்தாழ அரை ஸ்வரத்தில் பாதி ஏறும். ஒரு கட்டைச் சுருதியில் பாடிய கச்சேரி ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் எங்கோ தொங்கும். அதைக் கேட்டுச் சாதகம் செய்யும் பிள்ளையின் சுருதிப் பெட்டியோடு ஒட்டாது. பாடகரின் குரலே வேறு ஆள் குரல்போல் மெலிந்துவிடும். இசையைக் காப்பாற்ற ஏற்றுகிறவர்கள் இதைச் செய்யக் கூடாது. 'காப்புரிமை மீறும் நோக்கமில்லை' என்று விவரத்தில் எழுதி வைப்பதாலும் எந்தப் பயனும் இல்லை.

விளம்பரத்துக்கு வருவோம். "நான் பணம் வாங்கவில்லை, எப்படி விளம்பரம் வருகிறது?" என்று கேட்கிறார்கள். யூடியூப் தன் விதியை 2020 நவம்பரில் மாற்றியது, 2021 ஜூன் முதல் அமெரிக்காவுக்கு வெளியிலும் அது அமலானது. வருமானத் திட்டத்தில் சேராத சேனல்களின் வீடியோக்களிலும் விளம்பரம் போடலாம், பங்கு தரத் தேவையில்லை. சேராத சேனலில் அதை அணைக்கும் பொத்தான் நம்மிடம் இல்லை. 8 நிமிடமும் அதற்கு மேலும் உள்ள வீடியோக்களில் நடுவிலும் விளம்பரம் விழும். இடத்தைத் தானியங்கி தேர்ந்தெடுத்தால், பாடகர் ஆலாபனையை நிறுத்தி வயலின் வாங்கிக்கொள்ளும் அந்த ஒரு மூச்சு அதற்கு இயல்பான இடைவெளியாகத் தெரியக்கூடும். அதற்காக ராகம் தானம் பல்லவியை ஏழரை நிமிடத் துண்டுகளாக நறுக்காதீர்கள், விளம்பரத்தைவிட அது மோசம்.

1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்வை என்ற எல்லையைத் தாண்டி வருமானத் திட்டத்தில் சேர்ந்தால் விளம்பர இடங்களைக் கையால் நகர்த்தலாம். ஆனால் மற்றவர்கள் பாடிய கச்சேரிகளால் நிறைந்த சேனலை அதில் சேர்ப்பது அவர்கள் உழைப்பில் காசு பார்ப்பதாகிவிடும். அனுமதி கேட்டபோது சொன்ன சொல்லும் பொய்யாகும். சரியான வழி, கோப்பைக் கலைஞரிடமே கொடுப்பது. அவருக்குச் சொந்தச் சேனல் இருந்தால் அங்கே ஏறட்டும். கூடவே ஒரு தாளில், உருப்படிகள் முடிந்து கைதட்டல் விழும் நேரங்களைக் குறித்துக் கொடுங்கள். நடுவில் வரும் விளம்பரங்களை அந்த நேரங்களில் மட்டும் வைக்க அவரால் முடியும். தனிக்குப் பிந்தைய கைதட்டல் 40 நொடி நீடித்தால் அங்கே ஒரு விளம்பரம் யாரையும் உறுத்தாது.

விளம்பரமே வேண்டாம் என்றால் ஆர்க்கைவ் டாட் ஆர்க் இருக்கிறது. ஒலியை ஃப்ளாக் வடிவில் தரம் குறையாமல் வைக்கலாம். அனுமதி அங்கேயும் வேண்டும். ஏற்றும்போது உரிமம் என்ற கட்டத்தில் கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிறர் உரிமையை உலகுக்கு எழுதிக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை.

முழுக் கச்சேரியாக ஏற்றினால் விவரத்தில் நேரக் குறிகள் போடுங்கள். முதல் குறி 00:00, குறைந்தது மூன்று, ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையாமல், ஏறுவரிசையில். இதில் ஒன்று தவறினாலும் அத்தியாயங்கள் தோன்றாது. ஒவ்வொரு வரியிலும் உருப்படி, ராகம், தாளம், இயற்றியவர். மேடையில் இருந்த எல்லோர் பெயரும் முதல் மூன்று வரிக்குள். மூலையில் சின்னதாகத் தேதியும் அரங்கின் பெயரும் பொறித்துவிடுங்கள். யாரோ இறக்கி மறுபடி ஏற்றினால் எங்கிருந்து வந்தது என்று தெரியும். அப்படி நடந்தால் நீக்கக் கோரிக்கையை நீங்கள் அனுப்பாதீர்கள், லிங்க்கைக் கலைஞருக்கு அனுப்புங்கள். நிகழ்ச்சியின் உரிமை அவருடையது, கோரிக்கையும் அவரிடமிருந்து போக வேண்டும்.

கலைஞரோ பக்கவாத்தியக்காரரோ, ஐந்து வருடம் கழித்து என்றாலும், "இதை எடுத்துடுங்களேன்" என்று சொன்னால் காரணம் கேட்க வேண்டாம். அன்றே எடுத்துவிட்டு ஒரு வரி எழுதினால் போதும்: "நீக்கிவிட்டேன் சார். மூலக் கோப்பு பத்திரமாக இருக்கிறது, வேண்டுமானால் டிரைவில் போட்டு அனுப்புகிறேன்."